விஷகடியும் விஞ்ஞானமும்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலே பாம்பு தீண்டியவரை முதலில் எங்கே கொண்டுசெல்வது என்ற வினாவுக்கு இன்றும் இருவேறு விடைகள் கூறப்படுகின்றன. ஆஸ்பத்திரிக்கு என்பது ஒன்று. விஷகடி பரியாரியாரிடம் என்பது மற்றது. இவ்விரு விடைகளுக்கும் இடையிற் கழியும் நேரத்திலேயே ஓருயிர் நிற்பதும் போவதும் தீர்மானமாகின்றன. ஆதலால் இதனை நாட்டார் நம்பிக்கை பற்றிய சுவையான செய்தியெனக் கருதி நாம் ஒதுக்கிவிட முடியாது. இது மருத்துவம் பற்றிய வினா; அதனினும் மேலாக, அரசாங்கக் கொள்கை பற்றிய வினா.

நமது பாரம்பரிய வைத்தியத்தைப் போற்றும் சொற்பொழிவுகளும் மலர்க் கட்டுரைகளும் நமக்குப் புதியனவல்ல. நம் முன்னோர் அறியாததா என்று தொடங்கி, மேனாட்டாரின் மருந்து வணிகத்தைச் சாடி முடிவது அவற்றின் பொது இலக்கணம். மறுபுறம், தீவார் மூடநம்பிக்கையில் மூழ்கியவர் என்று பட்டணத்திலிருந்து ஏளனஞ் செய்யும் படித்த கூட்டமும் உண்டு. இவ்விரு சாராரும் கேளாத கேள்வி ஒன்று இருக்கிறது: எந்தச் சிகிச்சையால் எத்தனை பேர் பிழைத்தனர், அதனை எவ்வாறு அறிந்தோம்? இக்கேள்வியைக் கேட்டு விடை பெறுவது தீவு மக்களின் உரிமை என்பதே நாம் ஈண்டு வலியுறுத்த விரும்புவது.

முதலில் தீவுகளின் நிலையை நோக்குவோம். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகியவற்றுக்குத் தரைவழி உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அது இல்லை. புங்குடுதீவிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். சோளகம் வீசும் மாதங்களில் அக்கடல் கொந்தளிக்கும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடமாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது. நற்பணிதான், ஆயினும் சக்கரம் பூண்ட வண்டி இறங்குதுறையோடு நின்றுவிடும். போர்க்காலமோ இன்னுங் கொடியது. நெடுந்தீவாரின் போக்குவரத்துக்கு ஆதாரமாயிருந்த குமுதினிப் படகிலே 1985 மே 15ஆம் திகதி பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடல் கடப்பதே உயிராபத்தாயிருந்த அந்த ஆண்டுகளில், நள்ளிரவிலும் அழைத்த குரலுக்குக் கதவு திறந்தவர் அயலிலிருந்த பரியாரியாரே. மக்கள் அவர்மீது கொண்ட நம்பிக்கைக்கு வேர் இங்கே இருக்கிறது. அறியாமை என்ற ஒரு சொல்லால் அதனை விளக்கிவிட இயலாது.

இதனோடு வழிபாட்டையும் சேர்த்துக் குழப்புவோர் உளர். நாகபூசணி அம்மன் கோயில் கொண்டிருக்கும் நயினாதீவில், அம்மனுக்குப் பூக்கொண்டு கடல் நீந்திவந்த நாகத்தின் கதையை அறியாத குழந்தை இல்லை. அக்கதையின் அழகையோ அடியாரின் பக்தியையோ நாம் விசாரணைக்கு எடுக்கவில்லை. அம்மனைக் கும்பிட்ட கையோடு ஆஸ்பத்திரிக்குப் போவதில் முரண்பாடு எதுவுமில்லை. விசாரணைக்குரியது, விஷத்தை இறக்குவேன் என்று மனிதர் ஒருவர் கூறும் உறுதிமொழியே.

பார்வை பார்த்தல், தண்ணீர் ஓதிக் கொடுத்தல், நூல் கட்டுதல், விஷக்கல் வைத்தல், மூலிகைச் சாறு புகட்டுதல் என விஷகடி வைத்தியம் பலதிறப்படும். செய்தி கொண்டுவந்தவன் எத்திசையில் நின்றான், அவன் வாயிற் பிறந்த முதற்சொல் யாது என்பனவற்றைக் கொண்டு நோயாளி பிழைப்பானா எனக் கணிக்கும் முறையும் பழைய விஷவைத்திய மரபில் உண்டு. இவை பலித்ததாகச் சொல்வோர் பொய்யர் அல்லர். அவர்கள் கண்டதையே கூறுகின்றனர். ஆனால் அவர்கள் கண்டது என்ன?

2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடுவீடாகச் சென்று நடத்தப்பட்டு, 2016இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. இந்நாட்டில் ஆண்டொன்றில் 80,000க்கு மேற்பட்டோரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேருக்கே விஷம் ஏறுகிறது. 400க்கு மேற்பட்டோர் மாள்கின்றனர். இவ்வெண்களைச் சற்றே ஊன்றி நோக்குக. கடியுண்ட எண்மருள் ஐவருக்கு விஷமே ஏறவில்லை. கடித்தது விஷமற்ற பாம்பாயிருக்கலாம். விஷப்பாம்பாயினும் விஷத்தைச் செலுத்தாது விட்டிருக்கலாம். இந்த ஐவருக்கும் நூல் கட்டினாலும் பிழைப்பர், கட்டாவிடினும் பிழைப்பர். எந்த வைத்தியரிடம் போனோர் என்ற வேறுபாடின்றி எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டால், கடியுண்ட 200 பேருக்கு ஒருவரளவிலேயே இறக்கின்றனர். ஆகவே, எதுவும் செய்யாத வைத்தியர் ஒருவர்கூடத் தம் வாழ்நாளில் நூற்றுக்கணக்கானோரின் நன்றியைப் பெறுதல் கூடும். பிழைத்தவன் ஊரெங்கும் சென்று சாட்சி சொல்வான். இறந்தவனுக்கு வாயில்லை, அவன் விதி முடிந்தது என்று ஊர் பேசி முடிக்கும். நேர்மையான மனிதரும் நேர்மையாகவே ஏமாறுவது இவ்வாறுதான். தனிமனிதர் கண்ணால் காண இயலாத இவ்வுண்மையைக் காட்டுவதற்கே எண்ணிக்கையும் ஒப்பீடும் வேண்டப்படுகின்றன. விஞ்ஞானச் சான்று என்று நாம் கூறுவது இதனையே.

விஷம் ஏறிய அந்த 30,000 பேரின் நிலை வேறு. புடையன் எனப்படும் கண்ணாடிவிரியனின் விஷம் குருதியின் உறையுந் தன்மையைக் கெடுக்கிறது, சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவிலே, தரையில் பாய் விரித்து உறங்குவோரைத் தீண்டுகிறது. வலி மிகக் குறைவு, வீக்கம் இல்லை, பின்னர் இமை சரிந்து, மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. விழுங்கும் ஆற்றல் குன்றியவனின் வாயிற் சாறு புகட்டினால் அது மூச்சுக்குழாயில் இறங்கும். கடிவாயைக் கீறினால், உறையாத குருதி நில்லாது ஓடும். இறுகக் கட்டிய கயிறு அவயவத்தையே அழுகச் செய்யும். இவையனைத்தினும் கொடிய தீங்கு, காலம் வீணாவதே. கட்டில் உள்ளவனைவிடப் பாய் மட்டுமே உள்ளவனுக்கு, மேசையிலே எழுதுபவனைவிட வயலிலும் பனங்காணியிலும் உழைப்பவனுக்கு இத்தீங்கு நெருக்கமானது. பாம்புக்கடி ஏழையின் நோய். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. புறக்கணிக்கப்படுவது நோயன்று, அந்நோய்க்கு ஆளாகும் மக்களே என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

இதற்கு மருந்து உண்டு. சிறுகச் சிறுக விஷம் ஏற்றப்பட்ட குதிரையின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து எடுப்பதே விஷமுறி மருந்து. 1890களில் பிரெஞ்சு மருத்துவர் அல்பேர் கல்மெத், சைகோனிற் கண்ட நாகப்பாம்புக் கடிகளால் தூண்டப்பட்டு இவ்வழியைத் தொடக்கினார். இலங்கை ஆஸ்பத்திரிகள் நெடுங்காலமாக இந்திய விஷமுறி மருந்தையே நம்பியிருக்கின்றன. அம்மருந்துக்குரிய விஷத்தைத் தருவோரில் முக்கியமானவர், மாமல்லபுரத்துக்கு அருகே 1978இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கத்தின் இருளர் பழங்குடியினர். தலைமுறை தலைமுறையாகப் பாம்பைத் தடம்பார்த்துப் பிடித்த தமிழ்நாட்டுப் பழங்குடியின் கைத்திறனிலே நெடுந்தீவு உழைப்பாளியின் உயிர் தங்கியிருக்கிறது. பாரம்பரிய அறிவை விஞ்ஞானம் அழித்துவிடும் என்று அஞ்சுவோர் இவ்வுறவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இம்மருந்து யாருக்கு வேண்டும் என்று அறிவதற்கும் பெருஞ்செலவு இல்லை. சுத்தமான கண்ணாடிக் குழாயிற் சிறிது குருதியை எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பின் சரித்துப் பார்ப்பர். உறையாது வழிந்தால், விரியனின் விஷம் குருதியிற் கலந்திருக்கிறது. ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் போதும். எந்தச் சிற்றூர் ஆஸ்பத்திரியிலும் செய்யத்தக்க இச்சோதனை, சான்று என்பது பணக்கார நாடுகளுக்கே உரிய ஆடம்பரம் என்ற வாதத்தைப் பொய்யாக்குகிறது.

அவ்வாறாயின் நம் மூலிகைகள் யாவும் பயனற்றனவா? இல்லை. சர்ப்பகந்தி என்ற செடியை நோக்குவோம். பாம்பு விஷத்தை முறிப்பது என்ற புகழ் பெயரிலேயே அதற்கு உண்டு. சோதனையில் அப்புகழ் நிலைக்கவில்லை. ஆனால் அதே செடி குருதியழுத்தத்தைத் தணிப்பதை 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் உலகறியச் செய்தார். 1952இல் அதன் சத்தாகிய ரிசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. இதற்கு மாறானது ஈசுரமூலியின் கதை. விஷகடிக்குப் பெயர்பெற்ற அம்மூலிகையின் இனத்தில் அரிஸ்டலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்திலே, உடல் மெலிவதற்கென அவ்வினச் செடியை உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகம் பழுதடைந்தது. அவ்வமிலம் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்பதும் பின்னர் உறுதியாயிற்று. இரண்டும் நம் மண்ணின் மூலிகைகளே. இரண்டும் தொன்மை உடையனவே. எது மருந்து, எது நஞ்சு என்பதைத் தொன்மை நமக்குக் கூறவில்லை, சோதனையே கூறிற்று.

சீனத்தின் அனுபவமும் இதுவே. 1967இல் தொடங்கிய மலேரியா ஆராய்ச்சியிலே து யூயூ என்ற பெண் விஞ்ஞானி 1,600 ஆண்டுகளுக்கு முந்திய வைத்திய நூலொன்றிற் குறிப்பைக் கண்டார். அந்நூலைப் பூசையில் வைத்து அவர் வணங்கவில்லை. சத்தைப் பிரித்து, விலங்குகளிற் சோதித்து, தாமே உண்டு பார்த்து, பின்னரே நோயாளருக்கு வழங்கினார். ஆர்ட்டிமிசினின் என்ற அம்மருந்துக்காக 2015இல் நொபெல் பரிசு பெற்றார். செகராசசேகரத்தையும் பரராசசேகரத்தையும் தந்த யாழ்ப்பாணத்துக்கு இவ்வழி அடைபட்டதன்று. விஞ்ஞானம் நம் மொழிக்கு அந்நியமும் அன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். நூல்களைத் தமிழில் ஆக்கினார். 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. பழைய சுவடிகளைச் சோதனைக்கு உட்படுத்துவதே அவற்றை மதிக்கும் முறை. சோதனைக்கு அஞ்சும் பெருமை பெருமையாகாது.

இவ்வளவுகோல் ஆங்கில மருந்துக்கும் பொருந்தவேண்டும். விஷமுறி மருந்து இந்நாட்டவர் பலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குவதை மருத்துவர் அறிவர். அதனைத் தடுப்பதற்கெனப் பழக்கத்தில் இருந்த மருந்துகளை 1,007 நோயாளரிடம் ஒப்பிட்டுச் சோதித்த இலங்கை ஆய்வாளர், 2011இல் முடிவை வெளியிட்டனர். சிறிதளவு அட்ரினலின் பயன் தந்தது; வழக்கமாகக் கொடுத்துவந்த ஐதரோகோட்டிசோனும் புரோமெதசினும் அவ்வாறு பயன் தரவில்லை. தம் கைவழக்கத்தையே சோதித்து, பிழையெனின் கைவிடும் இம்மனப்பாங்கே விஞ்ஞானம். அது இல்லாதவிடத்து வெள்ளை அங்கியும் உடுக்கும் ஒன்றே. தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியிற் கைதானதை நாடு கண்டது. ஆகவே, மருந்து வணிகரின் இலாப வேட்டையைக் கண்டிப்போருடன் நாம் உடன்படுகிறோம். ஆனால் அதற்கு மாற்று ஓதிய தண்ணீர் அன்று. பேராசிரியர் சேனக்க பிபிலே மாற்றைக் காட்டிச் சென்றார். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971இல் அவர் முன்வைத்த திட்டத்தின் சாரம், எண்ணற்ற வணிகப் பெயர்களை ஒதுக்கி, பயன் நிறுவப்பட்ட அவசிய மருந்துகளை மட்டும் குறைந்த விலையில் மக்களுக்கு வழங்குவது என்பதே. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அச்சிந்தனையின் விளைவு. சான்றும் சமதர்மமும் அவரிடத்தில் ஒன்றாயிருந்தன.

இம்மரபை உடைய நாட்டிலேதான் 2020 டிசெம்பரில் கேகாலையைச் சேர்ந்த ஒருவர், காளியம்மன் அருளியது எனக்கூறிய தேன்பாணியைக் கொரோனாவுக்கு மருந்தென வழங்கினார்; தொற்று பரவிய காலத்திலேயே ஆயிரக்கணக்கானோர் அங்கே முண்டியடித்தனர். அதனைப் பகிரங்கமாகப் பருகிய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அடுத்த மாதமே தொற்றுக்கு உள்ளாகித் தீவிர சிகிச்சை பெற்றார். அமைச்சருக்கு அச்சிகிச்சை காத்திருந்தது. வரிசையில் நின்ற ஏழைக்கு?

அதே காலத்தில், நிலத்தடி நீர் மாசுறும் என்ற ஆதாரமற்ற காரணங் கூறி, கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. அடக்கஞ் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் 2021 பெப்ரவரி வரை இக்கொடுமை நீடித்தது. பின்னர் அடக்கத்துக்கு இடமென அரசாங்கம் அறிவித்தது எதனை? மீள்குடியேறிய தமிழ் மீனவர் வாழும் இரணைதீவை! அம்மக்கள் எதிர்த்துப் போராடினர். சான்றைத் துறந்த கொள்கையின் சுமை எப்போதும் சிறுபான்மையோர் மீதும், ஏழைகள் மீதும், கடல் நடுவே கிடக்கும் தீவுகள் மீதுமே இறங்குகிறது. ஆதலாலேயே சான்று கேட்பது அறிஞரின் பொழுதுபோக்காகாது. அது எளியோரின் தற்காப்பு.

தீவுப்பகுதிக்கு வேண்டுவன யாவை என்பது இனித் தெளிவு. விஷமுறி மருந்தும், அதன் ஒவ்வாமையைச் சமாளிக்கும் பயிற்சி பெற்றோரும், 20 நிமிடச் சோதனையும் ஒவ்வொரு தீவின் ஆஸ்பத்திரியிலும் இரவு பகலாக இருத்தல் வேண்டும். மேல்நோக்கி அனுப்பவேண்டிய நோயாளிக்குச் சோளகத்திலும் ஓடவல்ல படகு வேண்டும். யார், எங்கே, எப்போது கடியுண்டார், முதலில் எங்கே சென்றார், என்ன ஆனார் என்பன பதிவாதல் வேண்டும். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தால் சுதேச வைத்தியத்துக்கு அங்கீகாரம் வழங்கிய அரசாங்கம், அதன் விளைவையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டது. பரியாரியாரைப் பகைக்கவேண்டியதில்லை. மக்கள் முதலில் நாடும் அவரே, நோயாளியை அசையாது கிடத்தி, கீறாது, கட்டாது, வாயில் எதுவும் புகட்டாது உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புபவராக மாறின், அவரால் காக்கப்படும் உயிர்கள் பல.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதில் நேரடிப் பங்குண்டு. தீவுப் பாடசாலைகளிலே பாம்புக்கடியின் முதலுதவியைக் கற்பிக்கும்போதே, எட்டில் ஐந்து என்ற கணக்கையும் கற்பிக்க வேண்டும். அக்கணக்கை விளங்கிக்கொண்ட மாணவன் பாணி விற்பவனிடமும், மருந்துக் கம்பனியிடமும், மேடையில் நிற்கும் அமைச்சரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பான்: உன் கூற்றுக்குச் சான்று எங்கே? அக்கேள்வி தீவெங்கும் ஒலிக்கும் நாளில், படகு வரவில்லை, மருந்து இல்லை என்ற விடையோடு எந்த அரசாங்கமும் தப்பிவிட முடியாது.