பேட்சி க்ளைன்: 12 பாட்டும் விட்டுப்போனவையும்

ஹிட்ஸ் தொகுப்பு என்றால் ஏற்கெனவே ஓடின பாட்டுகளை அடுக்கி விற்பதுதானே, அதில் விமர்சனம் செய்ய என்ன இருக்கு என்று தோன்றலாம். 'பேட்சி க்ளைன்ஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' ஆல்பத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. அமெரிக்க கன்ட்ரி பாடகி பேட்சி க்ளைன் 1963 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தார். வயது 30தான். 1967ல் டெக்கா நிறுவனம் இந்த ஆல்பத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் 1 கோடிப் பிரதிக்கான வைரச் சான்றிதழ் வாங்கியது. பலருக்கு பேட்சி என்றாலே இந்த 12 பாட்டுதான்.

அந்த 12ஐயும் ஒரு ஷீட்டில் போட்டு, ஒலிப்பதிவான தேதிப்படி வரிசைப்படுத்திப் பார்த்தேன். எல்லாமே 1960 நவம்பரிலிருந்து 1963 பிப்ரவரி வரை, 27 மாதத்துக்குள் அடங்கிவிட்டது. ஆனால் அவர் ரெகார்டிங்குக்கு வந்தது 1955ல்!

'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' 1957 ஹிட் ஆச்சே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் இதில் இருப்பது 1961ல் அவர் திரும்பப் பாடிய வடிவம். பழையதில் ஹேங்க் வில்லியம்ஸிடம் வாசித்த டான் ஹெல்ம்ஸின் ஸ்டீல் கிட்டார் குரலோடு கூடவே நடந்து வரும். புதியதில் ஜோர்டனேர்ஸ் குழுவின் கோரஸ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆக, முதல் ஐந்து வருஷத்துக்கு இருந்த ஒரே சாட்சியும் போச்சு.

இதற்கு ஒரு நியாயம் உண்டு. 1960 வரை அவர் 4 ஸ்டார் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தார். அவர்கள் கைவசம் உரிமை உள்ள பாட்டுகளை மட்டுமே பாட முடியும். அதனால் அந்தக் காலத்தில் பெரிய ஹிட் ஒன்றோடு நின்றுவிட்டது. ஹிட் இல்லாததை ஹிட்ஸ் ஆல்பத்தில் எப்படிச் சேர்ப்பது?

சரி, அப்போ சேர்த்ததெல்லாம் ஹிட்டா? இங்கேதான் இடிக்கிறது. 'ஸ்ட்ரேஞ்ச்', 'பேக் இன் பேபீஸ் ஆர்ம்ஸ்', 'யூ'ர் ஸ்ட்ராங்கர் தேன் மீ', 'ஒய் கான்ட் ஹி பி யூ' நான்கும் சிங்கிள் இசைத்தட்டுகளின் பின்பக்கப் பாட்டுகள். கடைசிப் பாட்டுக்கு முன்பக்கத்தில் இருந்த 'ஹார்ட்ஏக்ஸ்' இதில் இல்லை. 1962ல் கன்ட்ரி பட்டியலில் முதல் 10க்குள் வந்த 'வென் ஐ கெட் த்ரூ வித் யூ'வும் இல்லை. அதாவது, தேர்ந்தெடுத்த அளவுகோல் வெற்றி மட்டும் இல்லை, மனநிலையும்தான்.

வரிசையையும் பாருங்க. இரண்டாவதாகவே 'ஸ்வீட் ட்ரீம்ஸ்', அவர் இறந்தபின் வந்த பாட்டு. முடிவில் 'லீவிங் ஆன் யுவர் மைண்ட்', அவர் உயிரோடு இருந்தபோது வந்த கடைசி சிங்கிள். பேச்சே பிரிந்து போவதைப் பற்றி. கேட்டு முடிக்கும்போது, அழுவதற்கென்றே பிறந்த ஒரு பெண் விடைபெற்றுப் போன மாதிரி இருக்கும். நடுவில் 'பேக் இன் பேபீஸ் ஆர்ம்ஸ்' மட்டும் ஜன்னல் திறந்த மாதிரி கொஞ்சம் வெளிச்சம்.

என் குறை இதுதான். 1956ல் 'ஸ்டாப், லுக் அண்ட் லிசன்' என்று ராக்கபில்லி வேகத்தில் துள்ளியவரும், 1960ல் 'லவ்சிக் ப்ளூஸ்' பாட்டில் யோடலிங் செய்து விளையாடியவரும் இதே பேட்சிதான். அந்த ஆளை இந்த ஆல்பம் நமக்கு அறிமுகமே செய்வதில்லை.

அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. வில்லி நெல்சன் எழுதிய 'கிரேஸி' ஒன்று போதும். 1961 ஜூனில் பெரிய கார் விபத்து. ஆகஸ்டில் ஸ்டுடியோவுக்குப் போனபோது விலா வலியில் உச்ச ஸ்வரம் எட்டவில்லை. தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி வாத்தியங்களை மட்டும் பதிந்து வைத்தார், சில வாரம் கழித்து பேட்சி வந்து அதன்மேல் பாடினார். தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்தங்கி வரும் அந்தக் குரலில் சிரமத்தின் தடமே இல்லை.

நான் சொல்வது இவ்வளவுதான்: ஆல்பத்தை வரிசை மாற்றாமல் ஒருமுறை முழுசா கேளுங்க. உடனே 1957 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்'டைத் தேடிப் போட்டுக் கேளுங்க. தொகுத்தவர் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்பது இரண்டரை நிமிஷத்தில் காதுக்கே தெரிந்துவிடும்.