பக்கவாதம்: யாரோடு ஒப்பிடுகிறோம்?

சீன மருத்துவமனைகளிலிருந்து ஒரே அச்சில் நிறைய பக்கவாத ஆய்வுகள் வருகின்றன. வார்டில் சேர்ந்தவர்களை ரத்தக்குழாய் அடைப்பு, மூளை ரத்தக்கசிவு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். கசிவு வந்தவர்களிடம் ரத்த அழுத்தம் அதிகம், அடைப்பு வந்தவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்று அட்டவணை போட்டு, அதையே 'ஆபத்துக் காரணி' என்பார்கள்.

சரி, பக்கவாதமே வராதவங்க எங்கே? அவர்கள் இல்லாமல் இரண்டு நோயாளிக் கூட்டங்களை ஒப்பிட்டால் வித்தியாசம்தான் தெரியும், ஆபத்து தெரியாது. இரண்டையும் சம அளவில் தூண்டும் காரணி அட்டவணையில் காணாமலே போய்விடும். வார்டுக்கு வரும் முன்பே இறந்தவர்களும் கணக்கில் இல்லை.

சரியான வழி சீனாவிலேயே இருக்கு. கடூரி பயோபேங்க் 2004 முதல் 2008 வரை 10 பகுதிகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அதில் ரத்த அழுத்தம் இரண்டு வகைக்குமே காரணி. கசிவில் அதன் பங்கு கூடுதல், அவ்வளவுதான். எல்டிஎல் கொழுப்பு குறைந்தவர்களுக்கோ அடைப்பு குறைவு, கசிவு அதிகம்.

வார்டு அட்டவணையை மட்டும் நம்பினால், அடைப்பு வந்தவருக்கு பிரஷர் பெரிய விஷயமில்லை என்று தோன்றும். அந்தத் தவறுக்கு விலை கொடுக்கப்போவது நோயாளிதான்.