மரம் அறுக்கிற சத்தமா?

பால் சேம்பர்ஸின் 'பேஸ் ஆன் டாப்' (1957) ஆல்பத்தில் முதல் பாட்டு 'யெஸ்டர்டேஸ்'. டபுள் பேஸை விரலால் மீட்டாமல் வில்லால் இழுக்கிறார். "என்னடா, மரம் அறுக்கிற மாதிரி இருக்கு" என்றான் நண்பன். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

அன்றைய ஜாஸ் பேஸ்களில் பெரும்பாலும் ஆட்டுக்குடலில் திரித்த நரம்புதான். அது வில்லுக்கு லேசில் மசியாது. ரோசின் தடவிய குதிரைமுடி அழுத்திப் பிடித்து இழுத்த பிறகே பேசும். ஸ்டீல் கம்பி சட்டென்று பேசிவிடும், வழவழன்னு.

ஆனால் இது போன நாட்களை நினைத்து ஏங்கும் பாட்டு. வழுக்கிக்கொண்டு வந்தால் நம்புவோமா? சில இடங்களில் சுருதி விலகுது, மறுக்கவில்லை. ஸ்டீல் கம்பியில் இதையே இன்னும் சுத்தமாக வாசிக்கலாம். எனக்கு இந்தச் சொரசொரப்புதான் வேணும்.