ஏக்கம் அல்ல, தாளம்: ரக்மானினோவின் ஒலிப்பதிவுகளை முன்வைத்து

செர்கேய் ரக்மானினோவ் தனது வாத்தியக்குழு இசையைத் தானே நடத்திப் பதிவுசெய்தது மூன்று ஆக்கங்களை மட்டுமே. 1929 ஏப்ரலில் 'இறந்தோர் தீவு', 'வொக்கலீஸ்'. 1939 டிசம்பரில் மூன்றாம் சிம்பொனி. மூன்றும் பிலடெல்பியா வாத்தியக்குழுவோடு. பியானோக் கலைஞராகத் தன் நான்கு கொன்சேர்ட்டோக்களையும் பகனினி ராப்சொடியையும் அவர் பதிந்து வைத்திருப்பது வேறு கணக்கு. இந்த மூன்று பதிவுகளையும் பின்னால் வந்தவர்களின் பதிவுகளோடு பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அது இசைக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல என்பதாலேயே இந்தப் பக்கங்களில் எழுதுகிறேன். நாட்டை விட்டு வந்தவனின் படைப்பு என்றால் அது ஏக்கமாகத்தான் இருக்க வேண்டுமா?

மேற்கத்தைய சாஸ்திரீய இசை பற்றி எம்மவர் எழுதுவது மேட்டுக்குடிப் பழக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. இந்த மனிதர் எமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. சூக்கிலிருந்து பார்த்தால் தெரிகிற ரிகி மலையின் மறுபுற அடிவாரத்தில், வெக்கிஸுக்கு அருகே ஹேர்ட்டன்ஸ்டைனில், ஏரிக்கரையில் அவர் கட்டிய வீடு இருக்கிறது. செர்கேய், நத்தாலியா, ரக்மானினோவ் என்ற பெயர்களின் எழுத்துக்களைச் சேர்த்து அதற்கு 'செனார்' என்று பெயர் வைத்தார். 1934 கோடையில் பகனினி ராப்சொடியை எழுதியது அங்கேதான். 1935இலும் 1936இலும் மூன்றாம் சிம்பொனியை எழுதியதும் அங்கேதான். 1939 ஆகஸ்ட்டில் லுட்சேர்ன் விழாவில் அன்சேர்மே நடத்த வாசித்துவிட்டு, போர் வருமுன் ஐரோப்பாவை விட்டுப் போனார். திரும்பி வரவில்லை. 1943இல் கலிபோர்னியாவில் இறந்தார். வீட்டை 2022இல் லுட்சேர்ன் மாநிலம் வாங்கி, 2023இல் மக்களுக்குத் திறந்துவிட்டது.

அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை இதுதான். 1917 டிசம்பரில், 44 வயதில், ரஷ்யாவை விட்டு வெளியேறுகிறார். அதுவரை 39 எண்ணிட்ட ஆக்கத் தொகுதிகள். அதற்குப் பின்னான 25 ஆண்டுகளில் ஆறே ஆறு. மண்ணை இழந்ததால் ஊற்று வற்றிவிட்டது என்கிறார்கள். அவரும் பேட்டிகளில் அந்தப் பொருள்படப் பேசியிருக்கிறார். ஆனால் ஒரு கலைஞன் தன்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் விமர்சகன் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று விதி இல்லை.

கணக்கைப் பாருங்கள். கையில் காசில்லாமல் வந்தவர், குடும்பத்தைக் காக்க நாற்பத்தைந்து வயதில் புதிதாக ஒரு தொழிலைத் தொடங்குகிறார். அது மேடைப் பியானோக் கலைஞர் என்ற தொழில். பருவத்துக்குப் பருவம் டசின் கணக்கில் கச்சேரிகள், புகையிரதப் பயணம், நாள்தோறும் பயிற்சி. ரஷ்யாவில் இருந்தவர்களுக்கும், தன்னைப்போல் வெளியேறியவர்களுக்கும் காசும் உணவும் அனுப்பவேண்டியிருந்தது. இதற்குள் சிம்பொனி எழுத எங்கே நேரம்? செனாரில் அமைதியான ஒரு கோடை கிடைத்ததும் ஏழு வாரத்துக்குள் ராப்சொடி வந்துவிட்டது. மண் கிடைத்ததால் அல்ல, நேரம் கிடைத்ததால் வந்தது. இரவு வேலை முடித்து வந்து எழுத உட்காருகிற எம் எழுத்தாளர் எவருக்கும் இது விளங்கும். எழுதாமல் போனதற்கு ஏக்கம் காரணம் என்றால் அது அழகாக இருக்கிறது. வேலை காரணம் என்றால் அழகாக இல்லை. அதனால்தான் முதலாவது கதை நிலைத்துவிட்டது.

இனிப் பதிவுகளுக்கு வருவோம்.

'இறந்தோர் தீவு' 1909இல் எழுதப்பட்டது. பாசலில் பிறந்த பொக்லினின் ஓவியத்தைக் கறுப்பு வெள்ளைப் பிரதியாகப் பார்த்ததில் பிறந்த இசை. பிணத்தை ஏற்றிய தோணி தீவை நோக்கிப் போகிறது. துடுப்பு ஐந்து அட்சரத்தில் விழுகிறது. எமக்கு இது கண்டசாபு: தக தகிட. ஆனால் ரக்மானினோவ் இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றி, தகிட தக என்றும் போடுகிறார். தோணி ஆடுவது அதனால்தான். பின்னால் வந்த பல நடத்துநர்கள் இந்த ஐந்தைக் கரைத்துவிடுகிறார்கள். மூடுபனி மாதிரி ஒரு ஒலி கிடைக்கிறது, துடுப்பு கிடைப்பதில்லை. ரக்மானினோவின் பதிவில் ஒவ்வொரு இழுப்பும் கேட்கிறது. பதினெட்டு நிமிடமளவில் தீவுக்குப் போய் முடித்துவிடுகிறார். ஸ்வெத்லானோவின் பதிவுகளில் அது இருபது நிமிடத்தை நன்றாகவே தாண்டிப் போகிறது.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லலாம். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடத்தளவே ஓடும். அந்த நெருக்கடிக்காக விரைந்திருப்பார், சில இடங்களை வெட்டியும் இருக்கிறார் என்று. வெட்டியது உண்மை. ஆனால் வேகத்துக்கு அது காரணமில்லை. நடுப்பகுதியில் உயிர்வாழ்வின் ஆசை மேலெழுகிற இடம் முன்னையதைவிட வேகமாக, பதற்றத்தோடு போகவேண்டும் என்று அவர் நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கிக்கு எழுதியிருக்கிறார். இசைத்தட்டில் செய்திருப்பதும் அதையேதான். மற்றவர்கள் அந்த இடத்தில்தான் வேகத்தைக் குறைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

'வொக்கலீஸ்' சொல்லில்லாத பாட்டு. எத்தனையோ பதிவுகளில் பாகாக இழுபடுகிறது. அவர் நடத்தும்போது நான்கு நிமிடமளவில், ஒரு நடையாக நகர்ந்து முடிகிறது. உணர்ச்சி இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. அக்காலத்துப் பிலடெல்பியா வயலின்காரர்கள் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவார்கள். எமது ஜாரு கமகம் மாதிரி. பிற்கால வாத்தியக்குழுக்கள் இந்தப் பழக்கத்தை அசுத்தம் என்று பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. அவரிடம் உணர்ச்சி சுரத்துக்குள் இருக்கிறது, காலப்பிரமாணம் தொய்வதில்லை. இன்றைய பதிவுகள் பலவற்றில் இது தலைகீழ். சுரம் துடைத்துவைத்த கண்ணாடிபோலச் சுத்தம், காலப்பிரமாணம்தான் அழுகிறது.

இரண்டாம் சிம்பொனியின் கதை வேறு. முழுதாக வாசித்தால் ஏறக்குறைய ஒரு மணிநேரம். அவருடைய சம்மதத்தோடேயே நெடுங்காலம் வெட்டி வாசிக்கப்பட்டு வந்தது. 1973இல் லண்டன் சிம்பொனி வாத்தியக்குழுவோடு பிரெவின் செய்த பதிவு, வெட்டில்லாமலும் அது கட்டுக்கோப்பாக நிற்கும் என்று உலகத்துக்குக் காட்டியது. அந்தப் பதிவுக்கு நான் மதிப்பளிக்கிறேன். ஆனால் அதன் மூன்றாம் பகுதியின் இனிமையே பிறகு ரக்மானினோவ் என்ற பெயருக்கு முழு விளக்கமாகிவிட்டது. 1945இல் 'பிரீஃப் என்கவுண்டர்' என்ற பிரித்தானியப் படம் இரண்டாம் கொன்சேர்ட்டோவைக் காதலர் கண்ணீருக்குப் பின்னணியாக்கியபோதே இந்த வேலை தொடங்கிவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமின் கொன்சேர்ட்கெபௌ குழுவோடு அஷ்கெனாசி செய்த சிம்பொனிப் பதிவுகள் இதற்கு நல்ல மாற்று. அவரும் 1963இல் சோவியத்தை விட்டு வந்தவர், நெடுங்காலமாக லுட்சேர்ன் ஏரிக்கரை வாசி. ஆனால் அவர் விற்பது ஏக்கம் அல்ல. அவருடைய முதலாம் சிம்பொனி கோபத்தோடு ஓடுகிறது.

ஏக்கத்தால் யாருக்கு இலாபம்? இசைத்தட்டு வியாபாரத்துக்கு என்பது தெரிந்ததே. அரசுகளுக்கும் இலாபம் உண்டு என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1930இல் தாகூர் சோவியத்துக்குப் போய் அங்குள்ள கல்வி முறையைப் புகழ்ந்தார். 1931 ஜனவரியில் ரக்மானினோவ் வேறு இருவரோடு சேர்ந்து நியூயோர்க் டைம்ஸில் அதைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். அதன் விளைவாகச் சில வாரங்களில் சோவியத்தில் அவருடைய இசைக்குத் தடை வந்தது. தாகூரும் வெறும் புகழ்ச்சியோடு நிற்கவில்லை. அடக்குமுறை பற்றி மொஸ்கோவில் அவர் கொடுத்த விமர்சனப் பேட்டியை அவர்களுடைய பத்திரிகை 1988 வரை வெளியிடவில்லை. போய்வந்தவர் சொன்னதில் பாதியை அச்சிட்டு, வெளியே இருந்தவர் சொன்னதற்காக அவருடைய இசையையே நிறுத்திய அரசு அது.

தடை சில ஆண்டுகளில் நீங்கியது. அதே நாடு பின்னர் அவரைத் தேசிய ஏக்கத்தின் குரலாக்கிக்கொண்டது. ஸ்வெத்லானோவின் கனமான, மாபெரும் பதிவுகளை நான் விரும்பிக் கேட்பவன்தான். ஆனாலும் அவற்றில் ஒரு சொந்தக்காரத் தோரணை கேட்கிறது. 2015இல் ரஷ்யக் கலாசார அமைச்சர், நியூயோர்க்குக்கு அருகே புதைக்கப்பட்டிருக்கும் உடலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமென்றார். குடும்பத்தினர் மறுத்தார்கள். உயிரோடிருந்தபோது இசையைத் தடுத்தவர்களின் வாரிசுகள் எலும்பைக் கேட்கிறார்கள். 'அவன் எப்போதும் எமக்காகத்தான் ஏங்கினான்' என்ற கதை இல்லாமல் இப்படிக் கேட்க முடியாது.

ஆகவே கடைசி ஆக்கத்தைக் கேட்கவேண்டும். 'சிம்பொனி நடனங்கள்', 1940. அதன் முதற்பகுதி முடிகிற இடத்தில் மணியோசைகளுக்கிடையே அமைதியான ஒரு மெட்டு வருகிறது. அது அவருடைய முதலாம் சிம்பொனியிலிருந்து வந்தது. 1897இல் பீற்றர்ஸ்பேர்க்கில் படுதோல்வி கண்ட அந்தச் சிம்பொனியின் கையெழுத்துப் பிரதி ரஷ்யாவில் தங்கிப்போய்த் தொலைந்துவிட்டது. 1940இல் அந்த மெட்டை அடையாளம் காண அவரைத் தவிர யாருக்கும் வழியில்லை. அவர் இறந்த பிறகே லெனின்கிராட்டில் வாத்தியப் பாகங்கள் கண்டெடுக்கப்பட்டு, 1945இல் மொஸ்கோவில் மீண்டும் அது வாசிக்கப்பட்டது. 1981இல் எரிந்த யாழ் நூலகத்தின் ஓலைகளை நினைக்கிற எமக்கு, பிரதியில்லாத ஒன்றை ஞாபகத்திலிருந்து எழுதிவைப்பதன் பொருள் தெரியும். ஆனால் அதை அவர் எப்படி வைக்கிறார் என்பதே முக்கியம். அழவில்லை. பழைய கணக்கை முடித்துவைப்பவர்போல் அமைதியாக வைத்துவிட்டு அடுத்த நடனத்துக்குப் போய்விடுகிறார்.

இந்த ஆக்கம் அவர் நடத்த இசைத்தட்டாகவில்லை. எமக்கு மிஞ்சியது ஒன்றுண்டு. 1940 டிசம்பரில் முதல் அரங்கேற்றத்துக்கு முன், நடத்துநர் ஓர்மண்டிக்கு அதைப் பியானோவில் வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்தத் தனிப்பட்ட பதிவு 2018இல் மார்ஸ்டன் நிறுவன வெளியீடாக வந்தது. ஒழுங்கில்லாமல் துண்டு துண்டாக வாசிக்கிறார். இடையே பாடியும் காட்டுகிறார். தாளமோ கத்தி மாதிரி. வாத்தியக்குழுப் பதிவுகளில் இதற்கு மிக அருகே வருவது 1963இல் கொந்த்ராஷின் மொஸ்கோவில் செய்தது என்பது என் கருத்து. அண்மையில் அதே பிலடெல்பியாக் குழுவோடு நெஸே-செகன் செய்த பதிவு ஒலியில் மிக வளமானது. முதலில் கேட்பவர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் அதன்பின் அந்தப் பியானோத் துண்டுகளைக் கட்டாயம் கேளுங்கள்.

எமது புகலிட இலக்கியத்தில் பனையும் முற்றமும் கிணற்றடியும் எவ்வளவு வந்துவிட்டன என்று இங்கு பட்டியலிடத் தேவையில்லை. அவற்றை எழுதக்கூடாது என்பதல்ல என் வாதம். ரக்மானினோவிடமும் கோயில் மணி உண்டு, சாவுப்பாட்டும் உண்டு. அவற்றை எந்தக் காலப்பிரமாணத்தில் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. மெதுவாக்கினால் கேட்பவர் கண் கலங்குவார், தட்டும் விற்கும். நாளைக்கு எலும்புக்கு உரிமை கோரி வருகிறவர்களுக்கும் அது வசதியாக இருக்கும்.

இதை மறுப்பவர்கள் எழுதட்டும். எழுதுமுன் 1929ஆம் ஆண்டுப் பதிவை ஒருமுறை கேட்டுவிட்டு எழுதட்டும்.