ரோஜா வேடமிட்ட கள்ளி

பெரெஸ்கியா கிராண்டிஃபோலியா பூத்திருந்தால் எல்லோரும் பூவைத்தான் பார்ப்பார்கள். நானோ, இலை தண்டோடு சேரும் கக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். அங்கே மெத்தென்ற சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். தாவரவியலார் அதை ‘ஏரியோல்’ என்பார்கள். முள், தளிர், கிளை எல்லாம் கிளம்புவது அதிலிருந்துதான். அகன்ற இலையும் மரப்பட்டையுமாக ஆளுயரம் தாண்டி நிற்கும் இந்தப் பிரேசில் புதர், கள்ளிக் குடும்பத்தில் இடம்பிடித்ததற்கு முக்கியமான சான்று அந்தப் புள்ளி. நம் வேலியோரச் சதுரக்கள்ளியில் இது கிடையாது. பால் வடிக்கும் அது வேறு குடும்பம்.

வயதாக ஆக முள் கூடும் செடி இது. இளங்கிளையில் ஓரிரண்டு முள்ளோடு சாதுவாக இருக்கும். அடிமரத்திலோ ஒவ்வொரு புள்ளியிலும் கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டு நிற்கும். கிளை நுனியில் இளஞ்சிவப்புப் பூக்கள், நடுவே மஞ்சள் மகரந்தக் கூட்டம். காட்டு ரோஜாவென்றே நினைக்கத் தோன்றும். அதைவிட எனக்குப் பிடித்தது காய். பேரிக்காய் வடிவில் தொங்கும் காயிலிருந்தே அடுத்த பூ முளைக்கும், அதுவும் காயாகும். இப்படிச் சரமாக இறங்குவதைப் பார்க்கப் பூவே தேவையில்லை.

பெரெஸ்கியா என்ற பேரினப் பெயர், 1610இல் ஓரியன் நெபுலாவைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் பெய்ரெஸ்கின் நினைவாக வந்தது. லின்னேயஸ் 1753இல் கள்ளிகளையெல்லாம் ‘காக்டஸ்’ என்ற ஒரே கூடையில் போட்டார். மறு ஆண்டே பிலிப் மில்லர் பெரெஸ்கியாவைத் தனியே எடுத்தார். நம் செடிக்கு 1819இல் பெயரிட்டவர் ஹாவொர்த். இலையுள்ள இந்தக் கள்ளிகளை நுணுகி ஆராய்ந்து 1986இல் பெரும் நூல் எழுதினார் பெயாட் லொயன்பெர்கர். 2005இல் டிஎன்ஏ ஆய்வு, இவை ஒரே கிளை அல்ல, இரண்டு என்று காட்டியது. கரீபியன் பக்கத்து இனங்களின் தண்டில் இலைத்துளைகள் இல்லை, பட்டையும் சீக்கிரமே கட்டிவிடுகிறது. அவை 2013இல் ‘லொயன்பெர்கேரியா’ என்ற தனிப் பேரினமாயின. வாழ்நாளெல்லாம் உழைத்தவருக்கு அவர் ஆராய்ந்த செடியிலேயே பெயர் வைத்ததை நான் மிகப் பொருத்தமான மரியாதையாக நினைக்கிறேன்.

கிராண்டிஃபோலியா பழைய பேரினத்திலேயே தங்கிவிட்டது. பனாமா பக்கத்து பிளியோ என்ற இனம் புதியதற்குப் போனது. இரண்டையும் ரோஜாக் கள்ளி என்றே விற்பதால் குழப்பம் ஓயவில்லை. பூ இருந்தால் நிறமே சொல்லிவிடும், பிளியோவுடையது செம்மஞ்சள். பூ இல்லாவிட்டால் காயைப் பாருங்கள்: பம்பரம்போல மேற்புறம் தட்டையாகி, பழுத்து மஞ்சளானால் பிளியோ.