"ஐ.யூ.சி.என். சொல்லுது"ன்னா, யார் சொல்றாங்க?

மேற்குத் தொடர்ச்சி மலை பத்தி முன்னாடி எழுதின ஒரு குறிப்புல "ஐ.யூ.சி.என். எச்சரிக்கிறது" என்று ஒரு வரி போட்டிருந்தேன். படித்த நண்பர் ஒருத்தர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்த ஐ.யூ.சி.என்.?" முதலில் குதர்க்கம்னு நினைச்சேன். அப்புறம் அந்த அமைப்பின் சட்டவிதிகளை இறக்கி, மூணு நாலு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். கேள்வி நியாயமானதுதான். அந்த ஒரு பேருக்குள்ளே குறைந்தது நாலு பேர் பேசுறாங்க. யார் பேசுறாங்கங்கிறதைப் பொறுத்து அந்தப் பேச்சோட எடையும் மாறுது.

முதல்ல அடிப்படை. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம், 1948-ல் பிரான்ஸின் ஃபோந்தேன்புளோவில் தொடங்கினது. தலைமையகம் சுவிட்சர்லாந்தின் க்ளான்ட். பலரும் நினைக்கிற மாதிரி இது ஐ.நா. அமைப்பு இல்லை. உறுப்பினர்களால் நடக்கிற ஒரு சங்கம். வினோதம் என்னன்னா, அரசாங்கங்களும் தன்னார்வ அமைப்புகளும் ஒரே சங்கத்துல உறுப்பினர். 2016-லிருந்து பழங்குடி மக்கள் அமைப்புகளுக்கும் தனிப் பிரிவு உண்டு. மொத்தம் 1,400-க்கு மேல். (நம்ம எம்.எஸ். சுவாமிநாதன் 1984 முதல் 1990 வரை இதன் தலைவரா இருந்தார். அவரைப் பத்திப் பேசும்போது பசுமைப் புரட்சியோட நிறுத்திடுறோம்.)

நாலு வருஷத்துக்கு ஒரு தடவை உறுப்பினர் மாநாடு கூடி தீர்மானங்கள் போடும். இடைப்பட்ட காலத்துக்குக் கவுன்சில், தினசரி வேலைக்கு இயக்குநர் தலைமையிலான செயலகம். இந்த மூணுக்கும் பக்கத்துல ஆணையங்கள். அதுல இருக்கிறவங்கதான் விஞ்ஞானிகள். உலகம் முழுக்க பதினைந்தாயிரத்துக்கும் மேல், பெரும்பாலும் சம்பளம் வாங்காம வேலை செய்றவங்க. அந்த ஆணையங்களோட தலைவர்களை மாநாடுதான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குது, அவங்க கவுன்சில்லயும் உட்கார்றாங்க. ஆலோசகரே நிர்வாகி. இதைப் படிச்சதும் எனக்குள்ள இருக்கிற மென்பொருள் ஆசாமி கொஞ்சம் நெளிஞ்சான்.

ஓட்டு முறை நல்லா யோசிச்சு செஞ்சது. ஒரு நாட்டுக்கு மூணு ஓட்டு, அதுல ஒண்ணு அந்த நாட்டின் உறுப்பினரான அரசுத் துறைகளுக்குக் கூட்டாக. தேசிய அமைப்புக்கு ஒண்ணு, சர்வதேச அமைப்புக்கு ரெண்டு. எண்ணும்போது அரசுத் தரப்பு தனி, மற்றவங்க தனி. ஒரு தீர்மானம் நிறைவேற ரெண்டு பக்கமும் பெரும்பான்மை வேணும். எண்ணிக்கையில அரசாங்கங்கள் மூழ்கிப் போகாது, சின்ன அமைப்புகளும் நசுங்காது. காகிதத்துல அழகு.

நடைமுறையில என்ன ஆகுதுன்னு பார்க்க ஷெல் கதை போதும். 2007-ல் ஐ.யூ.சி.என். ஷெல் எண்ணெய் நிறுவனத்தோட ஒரு ஒப்பந்தம் போட்டது. 2008 பார்சிலோனா மாநாட்டுல அதை முறிக்கணும்னு ஒரு தீர்மானம் வந்தது. தன்னார்வ அமைப்புகள் பக்கம் பெரும்பான்மை கிடைச்சது, அரசாங்கங்கள் பக்கம் கிடைக்கலை. தீர்மானம் விழுந்தது. ஃபிரண்ட்ஸ் ஆஃப் தி எர்த் இன்டர்நேஷனல் அடுத்த வருஷமே ஒன்றியத்தை விட்டு வெளியேறிடுச்சு.

இதைப் பத்தி எழுதறவங்க பெரும்பாலும் "அரசாங்கங்கள் கவுத்துட்டாங்க"ன்னு முடிச்சிடுவாங்க. எனக்கு அது மேம்போக்கான வாசிப்பாத் தெரியுது. அரசாங்கங்கள் விதிப்படிதான் ஓட்டுப் போட்டாங்க. கோளாறு வேற இடத்துல. அந்த ஒப்பந்தத்தைத் தொடங்க மாநாட்டோட ஓட்டு தேவைப்படலை. நிறுத்தத்தான் ரெண்டு அவையிலயும் பெரும்பான்மை தேவைப்பட்டது. ஆரம்பிக்க ஒரு கையெழுத்து, நிறுத்த ரெண்டு பூட்டு. புதுசா எதையும் அவசரப்பட்டு செய்யாம இருக்கத்தான் ரெட்டைப் பூட்டு. செயலகம் ஏற்கெனவே செஞ்சு முடிச்ச காரியத்துக்கு அதே பூட்டு காவலாகிடுது.

இப்போ ஆலோசனை பக்கம். இங்கதான் எனக்கு உண்மையான மரியாதை வந்தது. சிவப்புப் பட்டியலை எடுத்துக்கோங்க. 1964-லிருந்து இருக்கு. ஓர் உயிரினம் எந்த வகையில வரும்ங்கிறதை எந்த அவையும் ஓட்டுப் போட்டு முடிவு பண்றதில்லை. எண்களால் ஆன அளவுகோல் இருக்கு. பத்து வருஷம் அல்லது மூணு தலைமுறை, எது நீளமோ அந்தக் காலத்துல, குறைவதற்கான காரணம் இன்னும் நிக்காத நிலையில, எண்ணிக்கை 30 சதவீதம் குறைஞ்சா ஒரு வகை, 50 சதவீதம்னா அடுத்தது, 80-ன்னா அழிவின் விளிம்பு. இது அஞ்சு அளவுகோல்ல ஒண்ணுதான்.

மதிப்பீடு தப்புன்னு தோணினா யார் வேணும்னாலும் மனு போடலாம். ஆனா வாதம் அந்த அளவுகோலை வச்சுத்தான் இருக்கணும். "எங்க ஏற்றுமதி பாதிக்குது", "எங்க ஊர்ல நிறையப் பார்க்கிறோமே" எல்லாம் செல்லாது. தரவு தப்பு, கணக்கு தப்புன்னு காட்டணும். அதைப் பார்க்கத் தனிக் குழு இருக்கு. பிழை அறிக்கைக்கு ஒழுங்கான வழி வச்சிருக்கிற எந்த அமைப்பையும் நான் பாதி நம்பிடுவேன், தொழில் பழக்கம்.

அதே விஞ்ஞானிகள், அதே பேர். ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்துல என்ன நடந்ததுன்னு பாருங்க. டாடா ஸ்டீலும் எல் அண்டு டியும் சேர்ந்து கட்டின துறைமுகம். பங்குனி ஆமைகள் கூட்டங்கூட்டமா வந்து முட்டையிடுற ககிர்மாதா கடற்கரை கிட்டத்துலயே இருக்கு. ஐ.யூ.சி.என்.னும் அதன் கடலாமை வல்லுநர் குழுவும் துறைமுக நிறுவனத்துக்கு ஆலோசகர்களா போனாங்க. தூர்வாரும் கப்பல்ல ஆமை சிக்காம இருக்கத் தடுப்பான், கரையில விளக்கொளியைக் குறைக்கிற ஏற்பாடு, இப்படி யோசனைகள். இந்தியாவுல ஆமை ஆய்வாளர்கள் பலர் கடுமையா எதிர்த்தாங்க: இந்த இடமே சரியான்னு முதல்ல ஒரு முழு ஆய்வு வேணும், அதுக்கப்புறம்தான் தடுப்பான் எல்லாம்னு.

மறுபக்க வாதத்தையும் சொல்லணும். துறைமுகம் எப்படியும் வரப்போகுது, உள்ளே இருந்து சேதத்தைக் குறைக்கிறது மேல் இல்லையா? இதை நான் தள்ளிவிட மாட்டேன். தடுப்பான் பொருத்தின கப்பல், பொருத்தாத கப்பலை விட மேல்தான். என் பிரச்சினை யோசனையோட தரத்துல இல்லை. கேள்வியை எழுதினது யாருங்கிறதுல. "எப்படிக் கட்டலாம்?" என்பது நிறுவனத்தோட கேள்வி. "இங்கே கட்டலாமா?" என்பது எதிர்த்தவங்க கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிட்டு, ரெண்டாவதுக்கும் சொன்ன மாதிரி அந்தப் பேரோட முத்திரை வெளியே நின்னுடுச்சு. பட்டியலை எதிர்க்கிறவனுக்கு மனுப் படிவம் இருக்கு. இந்த ஆலோசனையை எதிர்த்தவங்களுக்குக் கடிதமும் பத்திரிகை அறிக்கையும்தான்.

கடைசியா நம்ம மலை. 1972-ன் உலகப் பாரம்பரிய ஒப்பந்தம், இயற்கைக் களங்களுக்கு ஆலோசகரா ஐ.யூ.சி.என்.-ஐப் பேர் சொல்லியே வச்சிருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை இந்தியா பரிந்துரைச்சப்போ, அவங்க ஒத்திவைக்கச் சொன்னாங்க. மாதவ் காட்கில் தலைமையிலான குழுவோட பரிந்துரைகளையும் கணக்குல எடுத்து எல்லைகளைத் திருப்பிப் பாருங்க, அங்கே வாழ்ற மக்களோட இன்னும் பேசுங்கன்னு. 2012-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல கூடின 21 நாட்டுக் குழு அதை ஒதுக்கிட்டு அப்படியே பட்டியல்ல சேர்த்தது. அந்த 21-ல் இந்தியாவும் ஒண்ணு.

இந்தத் தடவை ஐ.யூ.சி.என். மேல தப்பு இல்லை. யார் மனசு கோணுதுன்னு பார்க்காம சொல்ல வேண்டியதை எழுத்துல சொல்லுச்சு, அது பொதுவுல கிடைக்குது. தோத்த பிறகு சும்மாவும் இருக்கலை. பாரம்பரியக் களங்களோட நிலையைத் தானே மதிப்பிட்டு வெளியிட ஆரம்பிச்சுது. அதுல 2020-ல் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கொடுத்த தரம் "குறிப்பிடத்தக்க கவலை". ஓட்டு இல்லாத ஆலோசகர் செய்யக்கூடியது அவ்வளவுதான். நிறைய ஆலோசகர்கள் அதைக் கூட செய்றதில்லை.

ஆக, அளவுகோல் முன்கூட்டியே எழுதப்பட்டு, எதிர்க்கிற வழியும் எழுதப்பட்டு இருக்கிற இடத்துல இவங்க பேச்சை நான் அப்படியே எடுத்துக்குவேன். வாடிக்கையாளர் கேள்விக்குப் பதிலா வர்ற இடத்துல, ஒப்பந்தத்தோட பிரதியைக் கேட்பேன். ஒரு சின்ன மாற்றம் போதும்னு தோணுது: நிறுவனங்களுக்குத் தர்ற ஒவ்வொரு ஆலோசனையிலும் முதல் பக்கத்துல, கேட்கப்பட்ட கேள்வி என்ன, கேட்கப்படாத கேள்வி என்ன, பணம் யாரோடதுன்னு மூணு வரி. அதுக்கும் ரெண்டு அவையும் ஓட்டுப் போடணுமோ என்னவோ.

பழைய குறிப்புல அந்த வரியைத் திருத்திட்டேன். இப்போ இப்படி இருக்கு: "உலகப் பாரம்பரியக் குழுவுக்கு ஆலோசகர் என்ற முறையில் ஐ.யூ.சி.என். 2012-ல் ஒத்திவைக்கப் பரிந்துரைத்தது, குழு ஏற்கவில்லை." நீளமாத்தான் இருக்கு. நண்பர் படிச்சுட்டு, "குழுன்னா எந்தக் குழு?"ன்னு கேட்டிருக்கார்.