உமிழ்நீர் உரைத்த உண்மை

சிறு குழாய் ஒன்று. அதிலே சிறிது உமிழ்நீர். அஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், சில வாரங்களில் வந்து சேருகிறது விடை! உன் முன்னோர் இன்ன நிலத்தவர், இத்தனை விழுக்காடு. உன் உறவினர் இன்னின்னார் என்று எண்ணும் பெயருமாகத் தருகிறார்கள். அமெரிக்காவிலே இன்று கோடிக்கணக்கானோர் காசு கொடுத்து இந்தக் கணக்கை வாங்குகின்றனர்.

அப்படி வாங்கியவர்களுள் ஒருவர் டேனி ஷப்பிரோ அம்மையார், அந்நாட்டு நாவலாசிரியர். ஆராய்ச்சி ஆர்வத்தால் செய்தவரல்லர். கணவர் செய்துகொள்கிறாரே என்று 2016இல் தாமும் உமிழ்நீரை அனுப்பினார். வந்த விடையோ ஐம்பது ஆண்டு நம்பிக்கையை அடியோடு பெயர்த்தது. அந்தப் பெயர்ச்சியின் வரலாறே 2019இல் வெளிவந்த ‘இன்ஹெரிட்டன்ஸ்’ என்னும் தன்வரலாற்று நூல்.

வைதிக யூதக் குடும்பம். பாட்டனார் அச்சமூகத்தில் தலைமை பெற்று விளங்கியவர். முன்னோர் படங்கள் அணிவகுத்த வீடு. அந்த வீட்டில், அந்தப் பெருமிதத்தில் வளர்ந்தவர் ஆசிரியர். ஆய்வுத் தாளோ, கிழக்கு ஐரோப்பிய யூத வழி 52 விழுக்காடு மட்டுமே என்றது. தந்தையின் முதல் மணத்தில் பிறந்த தமக்கை முன்பே இத்தகைய ஆய்வு செய்திருந்தார். இருவர் கணக்கையும் ஒப்பிட்டபோது, ஒரே தந்தையின் மக்களுக்குரிய ஒப்புமை காணப்படவில்லை. உயிர் தந்தவர் வேறொருவர்! பெற்றோர் பிள்ளைப்பேறு வேண்டிப் பிலடெல்பியா நகரின் மருத்துவ நிலையம் ஒன்றுக்குச் சென்றிருந்தனர்; அங்கே விந்துக் கொடை அளித்தவர் ஒரு மருத்துவ மாணவர். அவரை இரண்டு நாள்களுக்குள்ளாகவே கண்டுபிடித்துவிடுகின்றனர், ஆசிரியரும் அவர் கணவரும். ஆனால், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கப் பெற்றோர் இருவரும் உயிரோடில்லை.

நூலின் வலிமை எது? நெஞ்சிலே பட்ட அடியை அழகுபடுத்தாமல் காட்டும் நேர்மை. கண்ணாடியில் தெரியும் தம் முகமே அயலார் முகமாய்த் தோன்றும் நிலையை ஆசிரியர் சொல்லும்போது, படிப்பவர் உள்ளமும் நடுங்கும். அந்நாளைய மருத்துவர்கள் கணவரின் விந்தையும் கொடையாளியின் விந்தையும் கலந்து கொடுத்து, ‘யார் கண்டார்?’ என்னும் ஐயத்தையே பெற்றோருக்கு ஆறுதலாக விற்றனர் என்ற செய்தி நம்மைத் திடுக்கிட வைக்கிறது. பெற்றோர்க்கு ஆறுதல், மருத்துவர்க்கு வருவாய், பிறக்கப்போகும் பிள்ளைக்கு? அந்தப் பிள்ளையின் உரிமையை அன்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்!

குறையும் உண்டு. உயிர் தந்தவரின் சொற்பொழிவுப் படத்தைக் கண்டதும், அவர் கையசைவிலும் பேச்சிலும் தம்மையே காண்கிறார் ஆசிரியர். காணட்டும், ஏங்கும் மனம் அப்படித்தான் காணும். ஆயின் தம் இயல்பு, தம் வேற்றுமை உணர்வு, தம் வாழ்வின் புதிர்கள் அனைத்துக்கும் குருதியே விளக்கம் என்பது போல் நூலின் முற்பகுதி விரைந்து ஓடுகிறது. அங்கேதான் நாம் நின்று கேட்கவேண்டும். குருதி எதைச் சொல்லும்? எதைச் சொல்லாது?

நான் கலைப் பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியன். அறிவியல் வல்லுநன் அல்லன். எனினும் இந்தக் கணக்கு மாணவர்க்கும் விளங்கக்கூடியதே. பெற்றவருக்கும் பிள்ளைக்கும் மரபணுவில் சரிபாதி பொது. ஒருவழி உடன்பிறந்தார்க்கு ஏறத்தாழக் கால் பங்கு. இந்த நெருங்கிய உறவுக் கணக்கு உறுதியானது. விழுக்காட்டுக் கணக்கோ வேறு வகை. ஒவ்வொரு நிறுவனமும் தான் திரட்டி வைத்திருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு அது; மாதிரி மாறினால் விழுக்காடும் மாறும். 2019இல் கனடா நாட்டுத் தொலைக்காட்சி ஒன்று ஒத்த இரட்டையர் இருவரின் உமிழ்நீரை ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பியது. நிறுவனத்துக்கு நிறுவனம் விடை மாறியது; ஒரே நிறுவனம் அவ்விருவர்க்கும் வெவ்வேறு விழுக்காடு தந்ததும் உண்டு! இந்த விழுக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு குலப்பெருமை பேசுவோரை என்னென்பது? பழைய பட்டயத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய பட்டயம் எழுதிக்கொள்கிறார்கள்; அவ்வளவே.

அதே அறிவியல் நீதியின் பக்கம் நின்றதும் உண்டு. 1776இல் விடுதலைச் சாசனம் வரைந்த தாமஸ் ஜெபர்சன், தம் அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸின் மக்களுக்குத் தந்தை என்று அம்மக்களின் வழியினர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தனர். ஏட்டறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். 1998இல் நடந்த மரபணு ஆய்வு, சாலியின் மகன் ஒருவரின் ஆண்வழியும் ஜெபர்சன் குடும்பத்து ஆண்வழியும் ஒன்றே எனக் காட்டிற்று. அதனோடு ஏட்டுச் சான்றுகளையும் சீர்தூக்கி, ஜெபர்சன் இல்லத்தைப் பேணும் அறக்கட்டளையே 2000இல் அவர்கள் பக்கம் சாய்ந்தது. எழுதி வைத்த ஏடு மறைத்ததை எளியோர் வாய்மொழி காத்தது. அறிவியல் அதற்குச் சான்று பகர்ந்தது. உயர்குலத்தார் என்று காட்டிக்கொள்வதற்காக அவர்கள் போராடவில்லை. தங்கள் தாய் பொய் சொல்லவில்லை என்று காட்டுவதற்காகவே போராடினர்.

ஷப்பிரோ அம்மையாரும் நூலின் பிற்பகுதியில் இந்தத் தெளிவை நெருங்குகிறார். தொண்ணூறு வயதைக் கடந்த அத்தை, ‘நீ என் உடன்பிறந்தவர் மகளே’ என்னும் உறுதியை அன்போடு வழங்கும் இடம் நூலின் சிகரம். உயிர் தந்தவரை மதிக்கிறார் ஆசிரியர். தூக்கி வளர்த்தவரையே தந்தை என்கிறார். குருதியின் பிடியிலிருந்து அவர் மீண்டு வரும் அந்தப் பக்கங்களுக்காகவே இந்நூலைப் படிக்கலாம்.

எங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலே ‘தந்தை பெயர்’ என்றொரு கட்டம் உண்டு. பிள்ளையின் கையைப் பிடித்தபடி, அக்கட்டத்துக்கு விடை சொல்லத் தயங்கித் தலைகுனிந்து நின்ற தாயை நான் கண்டிருக்கிறேன். அன்று பேனா பிடித்த என் கைதான் நடுங்கிற்று. அந்தத் தாய் தலை குனியவேண்டியதில்லை. குனிய வைத்த நாம்தான் குனியவேண்டும்.

இளைஞர்காள்! தன் பிறப்பைப் பற்றிய உண்மையை அறியப் பிள்ளைக்கு உரிமை உண்டு. அதை மறைக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த உண்மை எதுவாயினும், அதைக் கொண்டு ஒருவரை உயர்த்தவும் தாழ்த்தவும் உரிமை உடையவர் ஒருவரும் இலர். உமிழ்நீர் உறவைச் சொல்லும், உயர்வைச் சொல்லாது.